கட்ச் மண்ணில் துணி கற்றல்: ஒரு பயணக் குறிப்பு

ஞாயிறு, புஜ்

அகமதாபாத்திலிருந்து இரவெல்லாம் ஓடிய ரயில் காலையில் புஜ் நகரை வந்தடைந்தது. மதுரையில் சுங்குடி முடிச்சுப் போடவும் இயற்கைச் சாயம் காய்ச்சவும் பழகி வருகிற எனக்கு, துணியில் வேலை செய்யும் ஒருவர் தம் கலையில் மேலும் வளர எப்படிக் கற்க வேண்டும், எவரோடு சேர்ந்து கற்க வேண்டும் என்ற கேள்வி நெடுநாளாக இருந்து வருகிறது. அந்தக் கேள்விதான் குஜராத்தின் இந்த மேற்கு மூலைக்கு என்னை அழைத்து வந்திருக்கிறது. அச்சு, முடிச்சுச் சாயம், நெசவு, பூத்தையல் ஆகிய நான்கும் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் உயிரோடு இருக்கும் வேறோர் இடத்தை நான் அறியேன்.

கட்ச் பகுதியைத் தேர்ந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. இங்கே துணிக்கலை வீட்டுக்குள் தாயிடமும் தந்தையிடமும் கற்கப்படுகிறது. அதோடு, அந்த வீட்டுக் கல்வியைப் பெற்று முடித்தவர்களுக்கென்றே ஒரு பள்ளிக்கல்வியும் உருவாகியிருக்கிறது. சும்ராசர் சேக் கிராமத்தில் 1993இல் தொடங்கப்பட்ட கலா ரக்‌ஷா அறக்கட்டளையின் நிறுவனர்களுள் ஒருவரான ஜூடி ஃப்ரேட்டர், 2005இல் கலா ரக்‌ஷா வித்யாலயா என்ற பள்ளியைத் தொடங்கினார். பின்னர் 2014இல் ஆதிப்பூரில் சோமையா கலா வித்யா தொடங்கியபோது அந்த முறை அங்கும் தொடர்ந்தது. நெசவாளரும் சாயக்காரரும் பூத்தையல் செய்யும் பெண்களும் தொழிலை விட்டுவிட்டு ஆண்டு முழுவதும் வகுப்பில் அமர இயலாது என்பதால், பாடங்கள் இரண்டு வாரப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையில் மாணவர்கள் ஊருக்குத் திரும்பித் தங்கள் தறியிலும் தொட்டியிலும் வீட்டுப்பாடம் செய்து கொண்டு வந்தார்கள்.

அப்பள்ளிகளில் தையலோ அச்சோ கற்பிக்கப்படவில்லை, அவை மாணவர்களுக்கு முன்பே தெரியும். நிறம், அமைப்பு, கருத்து, சந்தை, ஒரு தொகுப்பை முழுமையாக்கி மக்கள் முன் வைப்பது ஆகியவையே பாடங்களாயின. வணிகர் வடிவத்தைக் கொடுப்பார், கைவினைஞர் உழைப்பைக் கொடுப்பார் என்ற பிரிவு நிலைத்துவிட்டால், கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் அந்தக் கைக்கு உரியவர் கூலியாளாகவே எண்ணப்படுவார். சிந்தனையையும் கையையும் மீண்டும் ஒரே ஆளிடம் சேர்ப்பதற்கே இந்தக் கல்வி என்று நான் புரிந்துகொள்கிறேன், என்னைப் போல வெளியிலிருந்து துணிக்கலைக்குள் வந்தவர்களுக்கும் அதே தேவை இருக்கிறது.

நாங்கள் சிறு குழுவாக வந்திருக்கிறோம். கோழிக்கோட்டில் ஓவியம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், புணேயில் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர் ஒருவர், துணி வடிவமைப்புப் படிக்கும் இரு மாணவர்கள் ஆகியோர் என்னுடன் இருக்கிறார்கள். எங்களுக்குக் கற்பிக்க இசைந்திருப்பவர்கள் பள்ளிகள் அல்ல, தம் பட்டறையையும் வீட்டு முற்றத்தையும் திறந்துவிடும் கைவினைக் குடும்பங்கள். நாளை காலை அஜ்ரக்பூருக்குப் போகிறோம்.

திங்கள், அஜ்ரக்பூர்

இந்த ஊர் 2001ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் உருவானது. அஜ்ரக் எனப்படும் மரக்கட்டை அச்சுத் தொழில் செய்யும் கத்ரி குடும்பங்கள் அதற்கு முன் தமட்கா கிராமத்தில் வாழ்ந்தன. சிந்துப் பகுதியிலிருந்து வந்த அவர்களுடைய முன்னோர், ஓடும் நீருக்காகவே ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊரைத் தேர்ந்தார்கள் என்று சொல்வார்கள். காலப்போக்கில் ஆறு வற்றியது. நிலநடுக்கத்துக்குப் பின் நிலத்தடி நீரில் இரும்பு மிகுந்து சாயத்தின் நிறத்தையே கெடுத்தது. எனவே பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து நிலம் வாங்கி, புஜ் நகருக்கு அருகே புதிய ஊரை அமைத்துக்கொண்டன. அப்பணியில் முன்நின்றவர்களுள் ஒருவரான இஸ்மாயில் முகமது கத்ரிக்கு, இயற்கைச் சாய அறிவுக்காக இங்கிலாந்தின் டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2003இல் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அவருடைய தந்தை முகமது சித்திக், வேதிச்சாயங்கள் பரவிவிட்ட காலத்தில் பழைய இயற்கைச் சாய முறைகளை மீட்டு, அவற்றைத் தம் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர். அவர் கற்றுக்கொடுக்காமல் இருந்திருந்தால் இன்று நாங்கள் வந்து நிற்க இந்த ஊர் இருந்திருக்காது.

காலையில் துணியைத் தயார் செய்வதைப் பார்த்தோம். புதுத்துணியில் இருக்கும் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போவதற்காக அதைச் சோடா உப்பு, ஆமணக்கெண்ணெய், ஒட்டகச் சாணம் ஆகியவை கலந்த நீரில் பிசைந்து ஊறவைத்து அலசுகிறார்கள். பிறகு கடுக்காய்ப் பொடி கரைத்த நீரில் முக்கி வெயிலில் காயவைக்கிறார்கள். வெளிர்மஞ்சளாகக் காயும் அந்தத் துணியில்தான் அச்சு விழத் தொடங்குகிறது. முதலில் சுண்ணாம்பும் கருவேலம் பிசினும் கலந்த களியால் கோடுகள் அச்சிடப்படும். அந்த இடங்களில் சாயம் ஏறாது, கடைசியில் அவை வெண்கோடுகளாக நிற்கும். அடுத்து, துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு பல நாள் புளிக்கவைத்து எடுத்த நீரில் புளியங்கொட்டை மாவைக் காய்ச்சிச் சேர்த்த கலவை. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேரும் இடத்தில் கருமை பிறக்கிறது. காளஹஸ்தியின் கலம்காரி ஓவியர்களும் கடுக்காய்த் துணியில் இதே வெல்ல இரும்பு நீரால்தான் கருங்கோடு இழுக்கிறார்கள் என்பதால், அந்தப் பீப்பாயின் மணம் எனக்குப் பழக்கமானதாகவே இருந்தது.

சிவப்புக்கு உரிய படிகாரக் கலவையைப் பற்றிப் பட்டறை ஆசிரியர் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். படிகாரம் தானாக எந்த நிறத்தையும் தராது. அது துணியில் பற்றியிருக்கும் இடங்களில் மட்டும், பல நாள் கழித்து மஞ்சிட்டி போன்ற சிவப்புச் சாயத்தில் கொதிக்கும்போது சிவப்பு ஏறும். அதாவது, அச்சிடுபவர் தாம் இடும் நிறத்தைப் பார்க்காமலே அச்சிடுகிறார். இன்றைக்கு வைக்கும் ஒவ்வோர் அச்சும் வாரங்கள் கழித்து வெளிப்படப்போகும் துணியை மனத்தில் கொண்டே வைக்கப்படுகிறது. திரையில் நிறத்தைத் தொட்டவுடன் மாற்றிப் பார்க்கப் பழகிய இளம் மாணவர் இருவரும் இதைக் கேட்டு வெகுநேரம் பேசாமல் நின்றார்கள். காத்திருந்து பார்க்கும் கலையில் முன்கூட்டியே எண்ணும் ஆற்றல் வளர்ந்தே தீர வேண்டும். அந்த ஆற்றலை வளர்க்கத்தான் பயிற்சிகள் தேவைப்படுகின்றன.

முதல் பயிற்சி மிக எளிமையாகச் சொல்லப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் அச்சுக்கட்டை கொடுக்கப்பட்டது. தேக்கு மரத்தில் செதுக்கிய, கோடு மட்டும் கொண்ட கட்டை. காந்திநகரை அடுத்த பேத்தாப்பூரின் செதுக்குக் கலைஞர்கள் இவ்வகைக் கட்டைகளுக்குப் பெயர் பெற்றவர்கள். ஒரு வடிவத்துக்குக் கோட்டுக்கு ஒன்று, நிரப்புவதற்கு ஒன்று, பின்புலத்துக்கு ஒன்று எனப் பல கட்டைகள் உண்டு என்றாலும், இன்று கோட்டுக்கட்டையைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்பது விதி. பழைய வெள்ளைத் துணியில், ஒரே கலவையில், முதலில் நேர்வரிசையாகவும், பிறகு கட்டையைக் கால்வட்டம் திருப்பியும், பிறகு இடைவெளி விட்டும், பிறகு ஓர் அச்சின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறுமாறும் அச்சிட வேண்டும். பல அடுக்குத் துணி விரித்த மேசையில் கட்டையை வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரு தட்டுத் தட்டி எடுக்க வேண்டும். தட்டும் வலிமை மாறினால் கோட்டின் தடிப்பு மாறுகிறது. பிற்பகலுக்குள் அந்தத் தட்டின் ஓசையை வைத்தே அச்சு சரியாக விழுந்ததா என்று சொல்ல முடிந்தது.

அஜ்ரக் துணியின் வடிவங்கள் வட்டங்களும் நட்சத்திரங்களும் கொண்ட கட்டங்களாக நான்கு பக்கமும் ஒன்றோடொன்று இணைபவை. புள்ளிக் கோலத்தில் புள்ளி வைப்பவர் கோட்டைப் பற்றிக் கவலைப்படாமல் இடைவெளியைப் பார்ப்பது போல, இங்கே கட்டையைப் பிடித்திருப்பவர் பூவைப் பார்ப்பதில்லை, கட்டைக்கும் கட்டைக்கும் இடையில் தோன்றும் வெளியைப் பார்க்கிறார். எகிப்தின் பழைய கெய்ரோவை ஒட்டிய ஃபுஸ்தாத்தில் கிடைத்து, இன்று ஆக்ஸ்போர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் இடைக்காலக் குஜராத்தி அச்சுத்துணித் துண்டுகளிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வடிவங்கள் காணப்படுகின்றன. அத்தனை நூற்றாண்டுக் கைகளுக்குப் பிறகும் ஒரு கட்டையால் புதிதாகச் செய்ய இடம் இருக்கிறது என்பதற்கு எங்கள் மேசைகளே சான்று. ஒரே கட்டையிலிருந்து வந்த துணிகளுள் ஒன்றுகூட மற்றொன்றைப் போல இல்லை.

செவ்வாய், அஜ்ரக்பூர்

இன்று நீலச்சாயம் தரும் அவுரித் தொட்டி. காலையில் அச்சிட்டு, ஈரக்கலவையின் மேல் மரத்தூள் தூவி உலரவைத்த துணிகளைத் தொட்டியில் இறக்கி எடுத்தோம். பச்சையாக வெளிவரும் துணி காற்றுப்பட்டதும் நீலமாக மாறுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. வெல்லம், சுண்ணாம்பு, தகரை விதை ஆகியவற்றைச் சேர்த்துப் புளிக்கவைக்கும் தொட்டி முறையை இங்கும் விளக்கினார்கள். திண்டிவனம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிராகிச் சாயமாகிறது என்று நான் சொன்னபோது, பட்டறையில் இருந்த பெரியவர் தலையசைத்து, தமிழ்நாட்டு அவுரியைத் தாம் நன்கறிவதாகச் சொன்னார்.

மாலையில் நடந்ததே இந்த நாளின் முக்கியமான பகுதி. எல்லோருடைய துணிகளையும் முற்றத்தில் விரித்து, சுற்றி அமர்ந்தோம். ஆசிரியர் இட்ட ஒழுங்கு இது: துணியைச் செய்தவர் முதலில் பேசக்கூடாது, மற்றவர்கள் தாம் காண்பதை மட்டும் சொல்ல வேண்டும், நன்று என்றோ நன்றன்று என்றோ சொல்லக்கூடாது, பிறகு கேள்விகள், கடைசியில்தான் செய்தவர் பேசலாம். 'கண் இடப்பக்கத்திலேயே நிற்கிறது', 'மூலையில் வரி நெருங்குகிறது', 'நீலத்தைவிட வெள்ளை முன்னால் வருகிறது' என்பது போன்ற சொற்கள் மெல்ல மெல்ல வரத் தொடங்கின. பாராட்டுக்குப் பழகிவிட்ட நமக்கு இப்படிப்பட்ட பேச்சு முதலில் வறண்டதாகத் தோன்றும். ஆனால் பாராட்டு ஒருவரைச் செய்த இடத்திலேயே நிறுத்திவிடக்கூடியது, தாம் செய்ததை மற்றொருவரின் கண்வழியாகக் காண்பதோ அடுத்த துணிக்கு வழி காட்டுகிறது.

வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வந்து பார்த்தார்கள். பெரியவர் எதுவும் பேசவில்லை; ஒரு துணியின் முன் குனிந்து, இரண்டு வரிசைகளுக்கு இடையில் தம் விரலைக் குறுக்காக வைத்தார், மூன்றடி தள்ளி அதே இடைவெளியில் மீண்டும் வைத்தார், நிமிர்ந்து அந்தத் துணியைச் செய்த மாணவரைப் பார்த்தார். அந்த இடத்தில் இடைவெளி விரலளவு கூடியிருந்ததை அதற்குப் பிறகே நாங்கள் அனைவரும் கண்டோம்.

புதன், புஜ்

பழைய நகரத் தெரு ஒன்றில், முடிச்சுச் சாயத் துணி செய்யும் குடும்பத்தின் வீட்டில் இன்றைய வகுப்பு. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பெண்மணியை இங்குள்ள வழக்கப்படி, சகோதரி என்று பொருள்படும் 'பென்' சேர்த்து அழைத்தோம். வடிவத்தை ஊசித்துளையிட்ட பிளாஸ்டிக் தாளின் வழியாகக் காவி நிறத்தால் துணியில் பதித்துவிடுகிறார்கள். அலசினால் போய்விடும் அந்தப் புள்ளிகளில் ஒவ்வொன்றையும் விரல் நகத்தால் மேலெழுப்பி நூலால் சுற்றி இறுக்குகிறார்கள். நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போகும் அந்த வேகம் வியப்பளிக்கிறது.

மதுரைச் சுங்குடியின் முடிச்சும் இதுவும் ஒரே வேரின் கிளைகள். குஜராத்தின் சௌராட்டிரப் பகுதியைத் தம் பூர்வீகமாகக் கொண்ட சௌராட்டிரச் சமூகத்தார் மதுரையில் வளர்த்த அந்தக் கலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று சந்தையில் சுங்குடி என்ற பெயரில் விற்கும் சேலைகளில் பெரும்பாலானவை முடிச்சு இல்லாமல் மெழுகாலோ அச்சாலோ செய்யப்பட்டவை. கையால் முடிச்சிடும் பெண்கள் குறைந்துவிட்டார்கள் என்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தரும் செய்தி. புஜ் நகரில் அந்தக் கைகள் இன்னும் ஏராளமாக இருப்பதற்கு, கத்ரி குடும்பங்களின் இளைஞர்கள் தாமே வடிவமைப்பாளர்களாகவும் மாறியது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். புள்ளிகளைப் பூவாகவும் யானையாகவும் மட்டும் அடுக்காமல், வெற்றிடத்தையே வடிவமாகக் கொண்ட துணிகளை அவர்கள் உருவாக்குகிறார்கள், அவற்றுக்கு ஏற்ற விலையும் கிடைக்கிறது.

இன்றைய பயிற்சியில் ஒரு துணியை இருவர் பகிர்ந்துகொண்டோம். பாதியை ஒருவர் முடிச்சிட, மறுபாதியை மற்றவர் முடிச்சிட வேண்டும், அவிழ்த்த பின் எங்கே கை மாறியது என்று தெரியக்கூடாது. பெரிய துணிகளைப் பல பெண்கள் சேர்ந்து முடிக்கும் வழக்கத்திலிருந்து பிறந்த பயிற்சி இது. தனக்கென்று ஒரு பாணியைத் தேடி ஓடும் நமக்கு, மற்றொருவர் கையின் இறுக்கத்தைக் கண்டறிந்து அதற்கு இசைவது நல்ல கல்வி. புணேக்காரரும் நானும் சேர்ந்து செய்த துண்டு நாளை மறுநாள் சாயத்திலிருந்து வரும்.

வியாழன், சும்ராசர்

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த நாள் இன்றுதான். 1971ஆம் ஆண்டுப் போரை ஒட்டிப் பாகிஸ்தானின் தார்பார்க்கர் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சோடா, மேக்வால் குடும்பங்களின் பெண்கள் இங்கே 'சூஃப்' என்ற எண்ணித் தைக்கும் பூத்தையலைச் செய்கிறார்கள். துணியில் கோடு எதுவும் வரைவதில்லை. துணியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி, பாவு, ஊடை எனும் நெடுக்கு, குறுக்கு இழைகளை எண்ணி எண்ணி ஊசியைச் செலுத்துகிறார்கள். முக்கோணங்கள் மட்டுமே இதன் எழுத்துகள். அவற்றைக் கொண்டே மயிலும் மரமும் மலையும் பிறக்கின்றன, ஆனால் அவை தைப்பவர் பார்க்காத முன்பக்கத்தில் இருப்பதால், அவர் மனத்தில் கண்டுதான் தைக்கிறார். படிகாரத்தைப் பற்றி திங்களன்று கேட்டது இங்கே நூலிலும் நிகழ்வதைக் கண்டேன்.

நுண்ணிய இழைகளை எண்ணக் கூரிய பார்வை வேண்டும். பார்வை தளரும் வயதில் பெண்கள் பலர் ஒட்டுத்துணி வேலைக்கு மாறிவிடுகிறார்கள். அதிலும் முக்கோணங்களே ஆட்சி செய்கின்றன. ஒரு திண்ணையில் பேத்தி எண்ணித் தைக்க, பக்கத்தில் பாட்டி துணியை வெட்டி ஒட்ட, இருவரும் ஒரே கட்டமைப்பைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். பாடத்திட்டம் எதுவும் இல்லாத அந்த வாதத்தை ஒரு வகுப்பாகவே கருதிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குக் கொடுத்த பயிற்சி, இழை எண்ணத் தோதான பருத்தித் துணியில் ஒரு முக்கோணம் தைத்து, அதைத் திருப்பிப் பார்க்காமல் அதன் எதிரொளியான முக்கோணத்தைப் பக்கத்தில் தைப்பது. ஓர் இழை கூடினால் நுனி சாய்ந்துவிடும். எங்களோடு அமர்ந்திருந்த பெண்மணி ஒருவர், தம் மகளுக்கும் இதையே முதலில் கொடுத்ததாகவும், பல நாள் ஒரே முக்கோணத்தைத் தைத்த பிறகே அவளுக்கு இரண்டாவது நிறத்தைக் கொடுத்ததாகவும் சொன்னார். நிறத்தைக் கொடுப்பதற்கு முன் வடிவத்தைக் கைக்குப் பழக்கும் இந்தப் பொறுமை நம் ஓவிய வகுப்புகளில் அரிதாகிவிட்டது.

இவ்வூரில் கலா ரக்‌ஷா சேர்த்து வைத்திருக்கும் பழைய துணிகளின் காப்பகமும் இருக்கிறது. கைவினைப் பெண்கள் தம் முன்னோர் தைத்த துணிகளைக் கையில் எடுத்துப் பார்த்து, புதிய வேலைக்குத் தூண்டுதல் பெறுவதற்காக அமைக்கப்பட்டது அது. பார்வையாளருக்கான அருங்காட்சியகம் என்பதைவிட, செய்பவருக்கான நூலகம் என்று சொல்வதே பொருந்தும். மதுரையிலோ காஞ்சியிலோ, நெசவாளரும் சாயக்காரரும் சென்று பழைய சேலைகளைத் தொட்டுப் புரட்டிப் பார்க்க இப்படி ஓரிடம் அமைய வேண்டும் என்று உளமார விரும்புகிறேன்.

மாலையில் ஆடு வளர்க்கும் ரபாரிச் சமூகப் பெண்களின் கதையைக் கேட்டோம். மணமகள் தன் கையாலேயே செய்து கொண்டுபோக வேண்டிய பூத்தையல் துணிகளின் அளவு பெருகி, அவற்றை முடிக்கும் வரை திருமணங்கள் தள்ளிப்போன நிலையில், 1995இல் தேபரியா ரபாரிச் சமூகத்தின் பெரியவர்கள் தம் மக்கள் பூத்தையல் செய்து அணிவதையே தடைசெய்தார்கள். பெண்கள் ஊசியைக் கைவிடவில்லை. கடையில் கிடைக்கும் சரிகை நாடாக்களையும் பின்னல் பட்டைகளையும் துணியில் வைத்துத் தைத்துப் புதிய அலங்காரத்தை உருவாக்கினார்கள். பத்ரோய் கிராமத்துப் பாபிபென் ரபாரி அதே வகை வேலையைப் பைகளில் செய்து, தம் பெயரிலேயே தொழில் நடத்தி, பல பெண்களுக்கு வேலை தருகிறார். கட்டுப்பாடு தானாகவே கலையை வளர்க்கும் என்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் அந்தத் தடையோடு ஒரு நுண்ணிய தையல் மரபின் பெரும்பகுதியும் வழக்கொழிந்தது. கட்டுப்பாட்டுக்குள்ளும் ஒன்றாக அமர்ந்து பேசித் தைக்கும் பெண்கள் இருந்ததால்தான் புதிய வழி பிறந்தது.

வெள்ளி, புஜோடி

புஜோடி வணகர் நெசவாளர்களின் ஊர். முற்காலத்தில் ஆடு வளர்க்கும் ரபாரிகள் கம்பளி கொடுக்க, வணகர்கள் நெய்ய, கத்ரிகள் சாயமிட, ரபாரிப் பெண்கள் அதன்மேல் பூத்தையல் செய்து அணிந்தார்கள். ஒரே போர்வையில் மூன்று சமூகங்களின் கை இருந்தது. அந்தப் பிணைப்பு இன்று பெரும்பாலும் சந்தை வழியாகவே நடக்கிறது என்றாலும், நெசவாளர் ஒருவர் தம் புதிய போர்வைக்கு அஜ்ரக்பூர்ச் சாயக்காரரோடு சேர்ந்து வேலை செய்வதை இன்றும் பார்க்க முடிந்தது.

குழித்தறியில் அமர்ந்து, பாவில் கூடுதல் ஊடையை விரலால் கோத்துச் சிறு வடிவங்கள் எழுப்பும் முறையைப் பார்த்தோம். ஒரு நாளில் தறியைக் கற்க முடியாது என்பதால், எங்களுக்கு வேறு பயிற்சி கொடுத்தார்கள். அட்டைத் துண்டில் நூல்களைப் பக்கம் பக்கமாகச் சுற்றி, பட்டைகளின் அகலத்தையும் நிறங்களின் அளவையும் தீர்மானிப்பது. மூன்று நிறங்களுக்கு மேல் கூடாது. அவற்றுள் ஒன்று மற்ற இரண்டையும்விட மிகக் குறைவாக இருக்க வேண்டும். நிறம் எவ்வளவு இருக்கிறது என்பதும் நிறத்தின் ஒரு பண்பு என்பதை இந்தப் பயிற்சி போல வேறெதுவும் எனக்குத் தெளிவாகக் காட்டியதில்லை. கோழிக்கோட்டு ஆசிரியை சுற்றிய அட்டையில், சாம்பலுக்கும் கருநீலத்துக்கும் நடுவே இரண்டே சுற்று மஞ்சள் இருந்தது. அறையில் இருந்த எல்லாக் கண்களும் அங்கேயே போயின.

பிற்பகலில் குக்மாவில் உள்ள கமீர் நிறுவனத்துக்குப் போனோம். நிலநடுக்கத்துக்குப் பின் கைவினைகளுக்காக உருவான அவ்விடத்தில், மழையை மட்டும் நம்பி விளையும் குறுகிய இழைகொண்ட காலா பருத்தியை மீண்டும் நூலாகவும் துணியாகவும் கொண்டுவந்த பணியை அறிந்தோம். நம் ஊர்க் கருங்கண்ணிப் பருத்திக்கும் அதே வகையான பணி தேவைப்படுகிறது. சொரசொரப்பான அந்தத் துணியில் சாயம் எப்படி ஆழ்ந்து பற்றுகிறது என்பதைத் தொட்டுப் பார்த்தேன், கொஞ்சம் வாங்கியும் வைத்திருக்கிறேன்.

சனி, அஜ்ரக்பூர்

ஸ்ருஜன் அமைப்பு 2016இல் அஜ்ரக்பூரில் திறந்த அருங்காட்சியகத்தில் காலை முழுவதும் இருந்தோம். 1969ஆம் ஆண்டு வறட்சியின்போது நிவாரணப் பணிக்காகத் தனேட்டி கிராமத்துக்கு வந்த சந்தா ஷ்ராஃப், இலவச உணவை ஏற்க விரும்பாமல் வேலை கேட்ட பெண்களுக்குப் பூத்தையல் வேலை கொடுத்ததிலிருந்து தொடங்கியது அந்த அமைப்பு. கட்ச் பகுதியின் ஒவ்வொரு சமூகத்தின் தையலையும் மிகச் சிறந்த கைகளைக் கொண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட துணிப்பலகைகளில் அவர் செய்வித்தார். அவற்றை வண்டியில் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்ப் பெண்கள் பார்த்துக் கற்கச் செய்யும் திட்டத்துக்காக 2006இல் ரோலெக்ஸ் விருது அவருக்கு வழங்கப்பட்டது. கற்பவர் நகரத்துக்கு வர இயலாவிட்டால் வகுப்பே அவர் வாசலுக்குப் போக வேண்டும் என்ற அந்த எண்ணத்தின் முன் நான் தலைவணங்குகிறேன். ஆகிர் பெண்களின் சங்கிலித் தையலும், ரபாரிகளின் பலவடிவக் கண்ணாடிகளும், கராசியா ஜத் பெண்களின் மார்புத்துணி முழுவதையும் நிறைக்கும் குறுக்குத் தையலும் பக்கம் பக்கமாக இருந்ததைப் பார்த்தபோது, வாரம் முழுவதும் தனித்தனியாகக் கற்றவை ஒன்றுக்கொன்று பதில் சொல்வது போலிருந்தது.

பிற்பகலில் எங்கள் இறுதித் துணிகள் முற்றத்தில் விரிந்தன. வாரத்தில் செய்த பயிற்சிகளுள் இரண்டை ஒரே துணியில் சேர்க்க வேண்டும் என்பதே பணி. நான் ஒரே கோட்டுக்கட்டையால் கட்டங்களை அச்சிட்டு, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டத்தை அச்சில்லாமல் விட்டு, அந்த வெற்றிடங்களைச் சுங்குடி முடிச்சால் நிரப்பியிருந்தேன். பழைய ஒழுங்கின்படி வாய்மூடி அமர்ந்து கேட்டேன். மாணவர் ஒருவர், முடிச்சுகள் அச்சைவிட மேலெழுந்து நிற்பதால் துணி இரண்டு தளங்களாகத் தெரிகிறது என்றார். ஆசிரியர், வெற்றிடங்கள் எல்லாம் நிரம்பிவிட்டதால் கண் ஓய்வெடுக்க இடமில்லை என்று சொல்லி, ஒரு முடிச்சுக் கட்டத்தின் மேல் வெள்ளைத் தாளை வைத்து மறைத்துக் காட்டினார். துணி உடனே மூச்சுவிட்டது. மறைக்க வேண்டிய இடங்கள் எவை என்று எல்லோரும் தாளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள், பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த துணி எப்படி இருக்க வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது.

புதனன்று முடிச்சிட்ட துண்டும் சாயத்திலிருந்து வந்தது. கை மாறிய இடத்தை எங்கள் குழுவில் எவராலும் சுட்டிக்காட்ட முடியவில்லை. கற்றுக்கொடுத்த பென் மட்டும் பார்த்தவுடனே காட்டிவிட்டார்.

ஞாயிறு, ரயிலில்

அகமதாபாத்தைக் கடந்துவிட்டோம். பயணம் முடிந்தாலும் குழு கலையக்கூடாது என்று நேற்றிரவே பேசி முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஒரு பயிற்சியைக் கொடுப்பார். மற்றவர்கள் கைக்குட்டை அளவுத் துணியில் அதைச் செய்து அஞ்சலில் அடுத்தவருக்கு அனுப்புவார்கள். பெறுபவர் தாம் காண்பதை மட்டும் கடிதமாக எழுதித் துணியோடு திருப்பி அனுப்புவார். அலைபேசியில் படம் அனுப்பினால் போதாதா என்று மாணவர் ஒருவர் கேட்டபோது, இழையின் இறுக்கமும் சாயத்தின் ஆழமும் விரலுக்குத்தான் தெரியும் என்று புணேக்காரர் சொன்னதை அனைவரும் ஏற்றுக்கொண்டோம். மதுரையில் எனக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்த அக்காவையும் அவருடன் முடிச்சிடும் பெண்களையும் இந்த வட்டத்தில் சேர்க்க அனுமதி கேட்டேன், கிடைத்துவிட்டது.

முதல் மாதப் பயிற்சியைக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. விதிகள் இவை: மழையை நம்பி விளைந்த பருத்தித் துணி; சாயம் அவுரி மட்டும்; முடிச்சு, அச்சு, தையல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று; துணியில் பாதிக்குக் குறையாமல் வெற்றிடமாக இருக்க வேண்டும். காலா பருத்தியை வெட்டிப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் துணிகள் அஞ்சலில் சேர வேண்டும்.